எச்சில் காற்று

போன வாரம், காஞ்சிபுரத்தில் செவிலிமேடு டவுன் பஸ். பக்கத்து சீட்டில் பூக்கூடையோடு ஒரு அம்மா. என் மடியில் ஒரு கருப்புப் பை. ஜிப் முழுசாக மூடவில்லை. உள்ளேயிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"இன்னாமா இது, ஆஸ்பத்திரி சாமானா? வீட்ல யாருக்கு முடியல?"

"எல்லாரும் நல்லா இருக்காங்கம்மா. இது ரெகுலேட்டரு."

"கேஸ் ரெகுலேட்டரா? இம்மாம் பெருசா?"

"இல்லம்மா... கடலுக்கு அடியில போனா மூச்சு விடணும் இல்ல? அதுக்கு."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பாதி நரைத்த தலை. மூக்குத்தி. கஞ்சி போட்ட காட்டன் புடவை. கடலுக்கு அடியில் போகிற முகமாக அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

"நம்மூர்ல தண்ணிக்கு அடியில இருக்கறது அத்திவரதர் ஒருத்தருதாம்மா. அவரே நாப்பது வருசத்துக்கு ஒரு தபா காத்து வாங்க மேல வந்துடறாரு. உனக்கு எதுக்குமா இந்த வேலை?"

முன் சீட்டு, பின் சீட்டு எல்லாம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு சீட்டு தள்ளி, ஜன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த என் கணவர் குமரேசன்.

அன்று காலை புதுச்சேரிக்குக் கிளம்பும்போது சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "வா, இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துட்றேன்" என்று சண்டைக்குப் போன மனிதர். திரும்பி வரும்போது வந்தவாசி தாண்டியும் வாயைத் திறக்கவில்லை. டீ குடிக்கிறீங்களா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். என்ன நடந்தது? அதைச் சொல்லத்தான் இந்த வாரம்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். ஐம்பது வயதில் நீச்சல் கற்றுக்கொண்டு, அடுத்த வருடமே புதுச்சேரிக் கடலில் ஸ்கூபா டைவிங் பழகியவள் நான். ஏன் என்று அந்தப் பூக்கார அம்மா கேட்ட மாதிரி எல்லாரும் கேட்டாயிற்று. எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். தண்ணீருக்கு அடியில் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. காலிங் பெல் இல்லை, குக்கர் விசில் இல்லை, "சுமதி, என் கண்ணாடி எங்க?" இல்லை. மூச்சை இழுப்பது, விடுவது... அவ்வளவுதான் வேலை. அந்த அமைதி எனக்குப் பிடித்துப்போய்விட்டது. பிடித்ததை விட மனசில்லை.

என் கணவருக்கு இதில் துளியும் சம்மதமில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் அவரும் அவர் தம்பியும் சேர்ந்து தறி போட்டிருக்கிறார்கள். நாள் முழுக்கப் பட்டோடு புழங்குகிற கை. தண்ணீர் என்றாலே அவருக்குச் சாயம் போகிற ஞாபகம்தான் வரும். ஆனால் அவர் முதலில் எடுத்த ஆட்சேபணை கடல் ஆழம் பற்றி இல்லை, மூச்சு முட்டுவது பற்றி இல்லை, மீன் கடிப்பது பற்றியும் இல்லை. வேறு.

"அந்தக் குழாய வாயில வெச்சிக்கினுதானே மூச்சு வுடணும்?"

"ஆமாங்க."

"அது யாருது?"

"டைவிங் சென்டரோடது. வாடகைக்குத் தருவாங்க."

"அப்போ... உனக்கு முன்னாடி யார் யாரோ வாயில வெச்சதா?"

அவ்வளவுதான். முகம் கோணிப்போய்விட்டது. எச்சில்!

எங்கள் வீட்டில் இது சாதாரண விஷயம் இல்லை. தண்ணீர்ச் சொம்பைத் தூக்கி அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். உதடு பட்டால் அந்தச் சொம்பு நேராகத் தேய்க்கிற இடத்துக்குப் போய்விடும். பாயசம் இனிக்கிறதா என்று பார்க்கக் கரண்டியை நக்கினால் அதை மறுபடி பாத்திரத்தில் போட முடியாது. கல்யாணமாகி வந்த புதிதில், ஒரே இளநீரில் இரண்டு ஸ்ட்ரா போட்டுக் குடிக்கலாமா என்று மகாபலிபுரத்தில் ஆசையாகக் கேட்டேன். இரண்டு இளநீர் வாங்கினார். இத்தனை வருடக் குடித்தனத்தில் என் டம்ளரில் ஒரு வாய் காபி குடித்ததில்லை மனிதர். அன்பு இல்லாமல் இல்லை. அன்பு வேறு, எச்சில் வேறு. அவர் கணக்கு அது.

"நீ போகணும்னா போ. ஊரான் வாயில வெச்சத வாயில வெச்சிக்கினு போகாத. சொந்தமா ஒண்ணு வாங்கிக்க."

சொந்தமாக ரெகுலேட்டர் வாங்குவதற்கு உலகத்தில் எத்தனையோ காரணங்கள் சொல்வார்கள். பாதுகாப்பு, பழக்கம், சௌகரியம்... எச்சிலுக்காக வாங்கிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்!

எதை வாங்குவது என்று எனக்கு வழிகாட்டியது ஜெனி. என் டைவிங் இன்ஸ்ட்ரக்டர். வாலாஜாபாத்துப் பெண். நர்சிங் படிக்கப் போய், அது ஒத்துவராமல் கடலுக்கு வந்துவிட்டவள். என் வயதில் பாதி. கடலுக்குள் அவள் உள்ளங்கையைக் காட்டினால் நான் நிற்பேன், விரலைக் காட்டினால் நகர்வேன். அப்படி ஒரு அதட்டல்.

ரெகுலேட்டர் என்பது என்ன? முதுகில் மாட்டுகிற சிலிண்டரில் காற்றை இறுக்கி அடைத்திருப்பார்கள். அதை அப்படியே திறந்து வாயில் வைத்தால் நுரையீரல் தாங்காது. அதனால் சிலிண்டரின் வாயில் ஒரு உலோகக் குமிழ். ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் என்பார்கள். அது வேகத்தை அடக்கும். அங்கிருந்து குழாய் வழியாக வாய்க்கு வருகிற வட்டமான பகுதி செகண்ட் ஸ்டேஜ். நாம் இழுத்தால் மட்டும், இழுக்கிற அளவுக்கு மட்டும் காற்றைக் கொடுக்கும். தெருக் குழாயில் சீறி வருகிற தண்ணீரை மாடித் தொட்டியில் ஏற்றி, சமையலறைக் குழாயில் திறந்து மூடுகிறோம் இல்லையா? அது மாதிரி.

அதே குழாய்க் கூட்டத்தில் இன்னொரு செகண்ட் ஸ்டேஜும் தொங்கும். மஞ்சள் நிறத்தில். அதற்குப் பெயர் ஆக்டோபஸ். ஒன்று மக்கர் பண்ணினால் இன்னொன்று. இல்லையென்றால் பக்கத்தில் வருகிறவருக்குக் காற்று தீர்ந்துபோனால் கொடுப்பதற்கு.

"கொடுப்பதற்கா? இன்னொருத்தர் வாய்க்கா?" – என் கணவர்.

"அவசரத்துக்குங்க."

"வாங்கியாந்ததும் அத வேற கழுவணும்" என்று முணுமுணுத்தார்.

நான் பளபளப்பான ஒரு மாடலைக் காட்டினேன். ஐஸ் தண்ணீரில்கூட உறையாதாம். ஜெனி போனிலேயே சிரித்தாள். "ஆன்ட்டி, புதுச்சேரி கடல்ல ஐஸ் எங்க இருக்குது? அது வேணாம். பேலன்ஸ்டு மாடலா பாருங்க, ஆழத்துலயும் சிலிண்டர்ல காத்து குறைஞ்சாலும் மூச்சு இழுக்கறது ஒரே மாதிரி லேசா இருக்கும். இங்க போட்ல இருக்கற சிலிண்டருக்குப் பொருந்தற கிளாம்ப் இருக்குதான்னு பாருங்க. முக்கியமா, பக்கத்துல சர்வீஸ் பண்ண ஆள் இருக்குதா, ஸ்பேர் கிடைக்குதான்னு பாருங்க. அது இல்லாத ரெகுலேட்டர் எவ்ளோ ஒசத்தியா இருந்தாலும் ஷோகேஸ்லதான் வெக்கணும்."

எத்தனை பெரிய உண்மை! கல்யாண மிக்ஸியிலிருந்து மாடியில் போட்ட சோலார் ஹீட்டர் வரை, சர்வீஸுக்கு ஆள் கிடைக்காமல் பரணுக்குப் போன சாமான்கள் நம் வீடுகளில் எத்தனை? வாங்கும்போது கலர் பார்க்கிறோம். ரிப்பேர் ஆனால் யாரைக் கூப்பிடுவது என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை.

ஜெனி சொன்னபடியே நடுத்தரமான ஒன்றை வாங்கினேன். கடிக்கிற ரப்பர் மட்டும் என் தாடைக்குப் பெரிதாக இருந்ததால் சின்ன சைஸுக்கு மாற்றிக்கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு அதிசயம். வேண்டாம் வேண்டாம் என்றவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தறிக்காரர் இல்லையா... ஒரு சாமானைப் பார்த்தால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் கீழே வைக்க மாட்டார். கடலுக்குப் போய் வந்தால் நல்ல தண்ணீரில் ஊறவைத்து அலச வேண்டும், ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் மூடியைத் துடைத்துக் காயவைத்து மூடிய பிறகுதான் தண்ணீரில் போட வேண்டும், ஊறும்போது நடுவில் இருக்கிற பட்டனை அழுத்தக் கூடாது, அழுத்தினால் தண்ணீர் உள்ளே ஏறிவிடும், நிழலில்தான் உலர்த்த வேண்டும். இவ்வளவும் ஒரே தடவை சொன்னேன். மறுபடி கேட்கவே இல்லை. நான் கடலுக்குப் போய்விட்டு வந்தால் பையை வாங்கி, அலசி, மாடிப்படிக்குக் கீழே நிழலில் தொங்கவிடுவது அவர் வேலை என்று ஆகிவிட்டது.

ஒரே ஒரு தடவை கையில் தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலோடு வந்து நின்றார். "இந்த மூட்டுல ஒரு சொட்டு வுட்டா நல்லா லூசா திரும்பும்."

"ஐயோ, வேண்டாங்க! எண்ணெய் ஆகவே ஆகாது. ரப்பர் கெட்டுடும். இறுக்கமான காத்து இருக்கற இடத்துல எண்ணெய் பட்டா ஆபத்து வேற. அதுக்குன்னு தனி கிரீஸ், சர்வீஸ்காரங்கதான் போடுவாங்க."

சரி என்று பாட்டிலைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டார். அவ்வளவு தூரம் சொன்ன பேச்சைக் கேட்கிறவர்தான்!

இரண்டு முறை கடலுக்குப் போனேன். ரெகுலேட்டர் அருமையாக வேலை செய்தது. பிறகு ஆயுத பூஜை வந்தது.

தறிக்காரர் வீட்டு ஆயுத பூஜை தெரியுமா உங்களுக்கு? தறிக்கு, ஊடை நூல் ஓட்டுகிற நாடாவுக்கு, கத்தரிக்கோலுக்கு, ஜரிகை எடை போடுகிற தராசுக்கு, தம்பியின் பைக்குக்கு, மிக்ஸிக்கு, டிசைன் போடுகிற கம்ப்யூட்டருக்கு... ஒன்று விடாமல் சந்தனம், குங்குமம், பூ. சோறு போடுகிற எதையும் விட்டுவிடக் கூடாது. முதல் நாளே என்னிடம் வந்து கேட்டார்.

"உன் மூச்சுச் சாமானையும் குடு."

சும்மா சொல்லக் கூடாது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் டைவிங்கைப் பற்றி அவர் ஒரு தடவைகூட நல்ல வார்த்தை சொன்னதில்லை. இப்போது நாடா பக்கத்தில், தராசு பக்கத்தில் என் ரெகுலேட்டருக்கும் ஒரு இடம்! எடுத்துக் கொடுத்தேன்.

அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. உலோகக் குமிழுக்கு ஒரு பொட்டு. செகண்ட் ஸ்டேஜுக்கு நடு நெற்றியில் பெரிய பொட்டு. அதன் கீழே இரண்டு பக்கமும் மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற இடத்தில் பக்கத்துக்கு ஒன்று. மஞ்சள் ஆக்டோபஸுக்கும் அதே மாதிரி. கெட்டியாக இழைத்த சந்தனம், தாராளமாக. கற்பூரம் காட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு அதன் முன்னால் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். மறுநாள் ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்து, பழைய மாதிரி தொங்கவிட்டுவிட்டார்.

அந்த மீசை மாதிரி இருக்கிற இடம் என்ன தெரியுமா? நாம் விடுகிற மூச்சு குமிழியாக வெளியே போகிற வழி. அதற்குள்ளே மெல்லிய ரப்பர் வால்வு ஒன்று இருக்கிறது. பூவிதழ் மாதிரி. மூச்சு வெளியே போனால் திறக்கும், போனதும் ஒட்டிக்கொள்ளும். சரியாக ஒட்டினால்தான் கடல் உள்ளே வராது.

மழை பிடிப்பதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போனேன். படகிலேயே சிலிண்டரைத் திறந்து மூச்சு இழுத்துப் பார்த்தேன். காற்று ஜோராக வந்தது. கூடவே சந்தன வாசனை. கோயிலுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. சந்தோஷமாகக் குதித்தேன்.

பத்து மீட்டர் ஆழம் இருக்கும். மூச்சு இழுத்தால் காற்றோடு கொஞ்சம் உப்புத் தண்ணீர். விழுங்கிவிட்டேன். அடுத்த மூச்சில் இன்னும் கொஞ்சம். பட்டனை அழுத்தித் தண்ணீரை வெளியே தள்ளினேன். சொல்லிக்கொடுத்ததுதானே? மறுபடி இழுத்தேன். ஒரு வாய் தண்ணீர்! இருமல் வந்தது. தண்ணீருக்கு அடியில் இருமுவது இருக்கிறதே... அதை எப்படிச் சொல்வது? உடம்பு முழுக்க மேலே ஓடு, மேலே ஓடு என்று கத்தும். ஓடக் கூடாது. மூச்சை அடக்கிக்கொண்டு விருட்டென்று மேலே போனால் நுரையீரலே கிழியலாம்.

ஆக்டோபஸை எடுத்து வாயில் வைத்தேன். அதிலும் தண்ணீர். அதிலும் சந்தன வாசனை!

அந்த நொடியில் நான் சாகப் போகிறேன் என்றுதான் நினைத்தேன். வீரமாகவெல்லாம் ஒன்றும் இல்லை. பயம். அப்பட்டமான பயம். மாடிப்படிக்குக் கீழே தொங்கவிட ஒன்றும் இல்லாமல் அவர் நிற்கிற மாதிரி ஒரு காட்சி கண் முன்னால் வந்து போயிற்று.

ஜெனி வந்துவிட்டாள். என் கண்ணைப் பார்த்தாள். நான் கையை ஆட்டிக் காட்டுவதற்குள் அவள் தன் வாயில் இருந்ததை எடுத்து என் வாயில் வைத்துவிட்டாள். அதன் பிறகுதான் தன் கழுத்துக்குக் கீழே மாட்டியிருந்த இன்னொன்றைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டாள். நான் இழுத்தேன். சுத்தமான, உலர்ந்த, நல்ல காற்று. உயிர் போய் உயிர் வந்தது என்பார்களே, அது அன்றுதான் எனக்கு விளங்கியது. என் தோளைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, மெதுவாக என்று கையால் காட்டிக்கொண்டே மேலே கூட்டி வந்தாள்.

எச்சில் என்ற ஒரு வார்த்தை உலகத்தில் இருப்பதே எனக்கு ஞாபகம் வரவில்லை.

வீட்டில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "ரெகுலேட்டர்ல தண்ணி வந்துச்சுங்க. ஜெனி காப்பாத்தினா" என்று மட்டும் சொன்னேன். எதைக் கொடுத்துக் காப்பாற்றினாள் என்பதைச் சொல்லவில்லை. சொன்னதற்கே அவர் முகம் வெளிறிப்போய்விட்டது. சாப்பாட்டில் கை வைக்கவில்லை. பிறகு வந்தது பாருங்கள் கோபம்!

"போதும் சுமதி. இத்தோட வுட்டுடு. ரெண்டே ரெண்டு தபா போட்ட சாமான்... அதுக்குள்ள தண்ணி உள்ள வருதுன்னா, வித்தவன் இன்னாத்த வித்தான்? மனுசன் உயிரு இல்ல?"

"சர்வீஸ் பண்ணா சரியாயிடுங்க."

"எவன் பண்ணுவான்? நானும் வரேன். அவனக் கேக்கறேன்."

மழைக்காலம் முழுக்க வீட்டில் இதே பேச்சு. நான் இனிமேல் கடலுக்குப் போவேனா மாட்டேனா என்பது அந்தக் கருப்புப் பைக்குள் இருந்தது. சரியாகாவிட்டால் விட்டுவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.  ஐம்பது வயதுக்கு மேல் கிடைத்த ஒரே ஒரு ஆசை அது எனக்கு.

கடல் தெளிந்ததும் போன வாரம் இருவரும் புதுச்சேரி போனோம். சர்வீஸ் ரூமில் இருந்தது ஜெனியேதான். அந்தக் கம்பெனி சாமான்களைப் பிரித்து மாட்ட அவள் முறையாகப் பயிற்சி எடுத்தவள். சண்டைக்கு ஒரு தடியான ஆளை எதிர்பார்த்து வந்தவருக்கு இது பெரிய ஏமாற்றம்.

"நீதாம்மா ஜெனியா? எந்த ஊரு?"

"வாலாஜாபாத் அங்கிள்."

"வாலாஜாபாத்துல எந்தப் பக்கம்?"

எனக்குச் சுருக்கென்றது. இந்தக் கேள்விக்கு நம் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"ரயில்வே கேட் தாண்டி, காலனி அங்கிள்" என்றாள். ஸ்க்ரூ டிரைவரிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பிரிக்கட்டும், குற்றத்தைக் கண்டுபிடிக்கட்டும், பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று இருந்திருப்பார்.

ஜெனி முன்பக்க வளையத்தைத் திருகிக் கழற்றினாள். உள்ளே ஒரு ரப்பர் தகடு. டயஃப்ரம். விளக்கில் பிடித்துப் பார்த்தாள். ஓட்டை இல்லை. அதற்கு அடியில் ஒரு சின்ன நெம்புகோல். அதுவும் சரி. பிறகு கீழே மீசையைக் கழற்றினாள். நின்றாள்.

"இன்னா இது?"

அந்தப் பூவிதழ் மாதிரி ரப்பர் வால்வின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு பொருக்கு. காய்ந்து கல்லாகி, வால்வை ஒட்டவிடாமல் தூக்கிப் பிடித்திருந்தது. நகத்தால் சுரண்டினாள். மோந்து பார்த்தாள். மஞ்சள் ஆக்டோபஸையும் கழற்றினாள். அதிலும் அதே பொருக்கு, அதே இடத்தில்.

"சந்தனம் மாதிரி இருக்குதே ஆன்ட்டி!"

நான் என் கணவரைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. 

"நான்தாம்மா வெச்சேன்" என்றார். குரல் உள்ளே போயிருந்தது. "ஆயுத பூஜைக்கு. இவளுக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னுதான்..."

பிறகு என் பக்கம் திரும்பினார். "எண்ணெ போடக்கூடாதுன்னு சொன்னே. சந்தனம் வெக்கக்கூடாதுன்னு சொல்லலியே சுமதி?"

நியாயம்தானே? எந்தக் கம்பெனி போட்ட கையேட்டில் அப்படி எழுதியிருக்கிறது? உப்பு, மணல், வெயில், எண்ணெய் எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை இருக்கிறது. காஞ்சிபுரத்துக் கணவருக்கு ஒரு வரி இல்லை!

ஜெனிதான் சூழ்நிலையைச் சமாளித்தாள். "வுடுங்க அங்கிள். எங்கப்பா ஆட்டோ வாங்கினப்போ பாஸ்டரக் கூப்ட்டு ஜெபம் பண்ணாரு. ஜெபம் எதுலயும் ஒட்டாது, அதனால நாங்க தப்பிச்சோம்."

அவர் சிரிக்க முயற்சி பண்ணினார். வரவில்லை. "ரெண்டுலயும் தண்ணி வந்துருக்குது. அப்போ இவ எப்பிடிம்மா மேல வந்தா?" என்று கேட்டார்.

போச்சு என்று நினைத்தேன்.

"என் வாயில இருந்தத எடுத்து ஆன்ட்டிக்குக் குடுத்துட்டேன் அங்கிள்."

"உன் வாயில இருந்ததயா? இன்னொண்ணு இருக்குமே உன்கிட்ட?"

"இருந்துச்சு. ஆனா அது அந்த நேரம் வேலை செய்யுமான்னு யாருக்குத் தெரியும்? என் வாயில இருக்கறது வேலை செய்யுதுன்னு எனக்கு நிச்சயமாத் தெரியும் இல்ல... அதான்."

சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள். வால்வுகளை மாற்றினாள். ஃபர்ஸ்ட் ஸ்டேஜையும் பிரித்து, உள்ளே இருந்த ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் எல்லாம் புதிதாகப் போட்டு, கடுகளவு கிரீஸ் தடவி, மறுபடி மாட்டினாள். மீட்டர் வைத்து அழுத்தம் பார்த்தாள். வருடத்துக்கு ஒரு தடவையாவது இப்படிக் காட்டிவிட வேண்டும், நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது என்றாள்.

"ஆன்ட்டி, இனிமே வீட்ல கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு டெஸ்ட் பண்ணிடுங்க. சிலிண்டரே வேணாம். ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்ல இருக்கற டஸ்ட் கேப்ப மூடிட்டு, வாயில வெச்சு மெதுவா உறிஞ்சுங்க. காத்து வரக்கூடாது. கன்னம் உள்ள ஒட்டிக்கினு அப்பிடியே நிக்கணும். காத்து வந்துச்சுன்னா எங்கயோ ஓட்டை. காத்து வர்ற வழில தண்ணியும் வரும்."

சொன்னதோடு நிற்கவில்லை. மவுத்பீஸை வாயில் வைத்து உறிஞ்சிக் காட்டினாள். கன்னம் இரண்டும் குழி விழுந்து நின்றது. எடுத்து என்னிடம் நீட்டினாள். நானும் வைத்து உறிஞ்சினேன். வரவில்லை. ஆக்டோபஸிலும் அதே மாதிரி, முதலில் அவள், அப்புறம் நான்.

என் கணவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது ஜெனியிடம் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு இரண்டு கையையும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேகமாக வெளியே போய்விட்டார். மகள் வயதுப் பெண்ணுக்குக் கும்பிடு! அதற்கப்புறம் பேச்சே இல்லை. திண்டிவனத்தில் பேசவில்லை. வந்தவாசியில் பேசவில்லை. டவுன் பஸ்ஸில் அந்தப் பூக்கார அம்மா அத்தனை பேரைச் சிரிக்க வைத்தபோதும் பேசவில்லை.

சந்தனத்தை நினைத்து உடைந்துபோயிருக்கிறாரா? இல்லை, "ரயில்வே கேட் தாண்டி" வந்த காற்றை நினைத்தா? எனக்குத் தெரியவில்லை. எது என்று கேட்கவும் பயமாக இருந்தது. கேட்டு, வரக் கூடாத பதில் வந்துவிட்டால்? இத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்த மனிதரை அதற்கப்புறம் நான் எப்படிப் பார்ப்பேன்?

நான்கு நாள் அப்படியே போயிற்று. தறிக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். பை மாடிப்படிக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம். மறுநாள் விடியற்காலை பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டும், போகட்டுமா என்று கேட்க வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே மாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கடைசிப் படிக்கு முன்னால் நின்றுவிட்டேன்.

படிக்குக் கீழே, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர். பையிலிருந்து எடுத்த ரெகுலேட்டர் கையில். டஸ்ட் கேப் மூடியிருக்கிறதா என்று ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். பிறகு – சத்தியமாகச் சொல்கிறேன், என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை – மவுத்பீஸை வாயில் வைத்தார்.

நான் வாய் வைத்தது. ஜெனி வாய் வைத்தது.

உறிஞ்சினார். ஓரமாகத் தெரிந்த கன்னம் குழி விழுந்து அப்படியே நின்றது. கண் பிதுங்குகிற வரைக்கும் விடவில்லை. எடுத்துவிட்டு, மஞ்சளையும் எடுத்து வைத்தார். அதையும் உறிஞ்சினார். அதுவும் நின்றது. திருப்தி இல்லாமல் முதலில் இருந்ததை இன்னொரு தடவை பார்த்தார்.

என் கையிலிருந்து ஒரு துண்டு நழுவி விழுந்தது. திரும்பினார். பிடிபட்ட மாதிரி ஒரு நொடி முழித்தார். பிறகு வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, தறியில் பாவு சரியாக இருக்கிறது என்று சொல்கிற அதே குரலில் சொன்னார்:

"காத்து வரல. ரெண்டுலயும் வரல. நாளைக்கு நீ போலாம்."

பையை நீட்டினார். ரெகுலேட்டரை வாங்கி, கழுவாமல் உள்ளே வைத்தேன்.